முன்னால் போனவன்

"அந்தக் கதிரையில இரிக்காதீங்க தம்பி. நனைஞ்சு கிடக்கு."

தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னபோது இன்சாப் பாதி உட்கார்ந்துவிட்டிருந்தான். சட்டென்று எழுந்து திரும்பிப் பார்த்தான். சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையின் குழிவில் ஒரு கை அளவு தண்ணீர் தேங்கி நின்றது. கதிரையைச் சுற்றிச் சீமெந்துத் தரையும் ஈரம். அந்த ஈரம் வாசலைத் தாண்டி, புழுதி படிந்த படியில் இறங்கி, றோட்டோரத்து மணல்வரை சொட்டுச் சொட்டாகப் போயிருந்தது. முந்தல் பக்கத்தில் மழை பெய்து மாதக்கணக்காகிறது. கடைக்கு முன்னால் நின்ற தென்னைகளின் ஓலைகூட நுனி கருகித் தொங்கியது.

"தண்ணி ஆரும் ஊத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

"ஊத்த இல்ல. உங்கட கூட்டாளி இருந்துட்டுப் போறார். குளத்துல விழுந்து எழும்பினவர் மாதிரி உடுப்பெல்லாம் ஊறிக் கிடந்திச்சு. என்ன தம்பி இது எண்டு கேட்டேன். வேர்வை எண்டு சொல்லிச் சிரிச்சார்."

"எந்தக் கூட்டாளி?"

கடைக்காரர் இன்சாபின் நெஞ்சைக் காட்டினார். வெள்ளை டீசேர்ட்டில் ஓர் இளைஞனின் படம் அச்சிடப்பட்டிருந்தது. "இதே சேட்டு. இதே பொடியன்ட படம். இதே மாதிரிச் சைக்கிள். முழங்கால் நொந்து பொத்துவில் பக்கம் நிண்டுட்டாராமே? இப்ப சுகமாம். உங்களை அவசரப்படாம வரச் சொன்னார். தான் முந்தி வீட்டுக்குப் போறாராம்."

உள்ளே வடைச் சட்டியில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. இன்சாபுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைக்காரர் பிளேன்டீயை மேசையில் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை. கதிரையில் தேங்கிய தண்ணீரில் ஏதோ பச்சையாக மிதந்தது. குனிந்து பார்த்தான். பாசி. பழைய கிணறுகளின் கல்லில் படர்ந்திருக்கும் வழுக்குப் பாசி. மூக்கில் அதன் மணம் ஏறியது, அழுகிய இலையும் இரும்பும் கலந்த மணம். அந்த மணம் அவனுக்குத் தெரியும்.

காசைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

இரண்டு பேராகத்தான் புறப்பட்டார்கள், இன்சாபும் ஃபஸ்லானும். ஆலங்குடாவில் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைக்காரர்கள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. இன்சாப் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்குப் பட்டம் கட்டிய பலகையில் கடலோட்டம் பழக்குகிறவன். ஃபஸ்லான் சொந்த வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். சைக்கிளில் நாட்டைச் சுற்றி வருவது, போகிற வழியில் துறைமுகம் துறைமுகமாக நின்று, உயிர்காப்பு அங்கி போடாமல் கடலுக்குப் போகாதீர்கள் என்று மீனவர்களிடம் பேசுவது, இதுதான் பயணம். புறப்பட்ட அன்று பள்ளிவாசலுக்கு முன்னால் ஊரே நின்று துஆக் கேட்டு அனுப்பி வைத்தது. டீசேர்ட்டில் இருந்த படம் ஸப்ராஸுடையது. இன்சாபின் தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபஸ்லானின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன், வள்ளம் கவிழ்ந்து, திரும்பி வரவில்லை. ஃபஸ்லான் மட்டும் ஒரு வெறும் பிளாஸ்டிக் கேனைக் கட்டிப் பிடித்தபடி மிதந்து பிழைத்தான். எங்கெல்லாமோ தேடினேன், கிடைக்கவில்லை என்று ஸப்ராஸின் உம்மாவின் காலடியில் விழுந்து அழுதான்.

அவனைக் கடலில் இருந்து தூக்கியவர் கற்பிட்டியைச் சேர்ந்த இன்னாசிப்பிள்ளை. பயணத்துக்கு முந்திய மாதம் அவர் இன்சாபைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்கு வயசு போயிட்டுது, இதை மனசில வைச்சுக்கொண்டு சாகேலாது. தூரத்தில நான் பாக்கேக்க அந்தக் கேன்ல ரெண்டு தலை இருந்திச்சு. கிட்டப் போகேக்க ஒண்டுதான்."

இன்சாப் அதை யாரிடமும் கேட்கவில்லை. பயணத்தை நிறுத்தவும் இல்லை. மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று ஃபஸ்லானுக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு, ஃபஸ்லான் துறைமுகங்களில் கண் கலங்கப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, இன்றைக்குச் சொல்வானா, நாளைக்குச் சொல்வானா என்று காத்திருந்தான். ஃபஸ்லான் சொல்லவில்லை. இரவில் நன்றாகத் தூங்கினான், குறட்டை விட்டான்.

போன கிழமை, பொத்துவில் தாண்டி, கைவிட்ட சேனைப் பயிர்நிலம் ஒன்றின் ஓரத்தில் கூடாரம் அடித்துப் படுத்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் தேடிப் போன ஃபஸ்லான், கட்டு இல்லாத, புல் மூடிய கிணற்றுக்குள் விழுந்தான். ஆழமான கிணறு. கால் முறிந்துவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று இன்சாபைக் கூப்பிட்டான். இன்சாப் ஓடி வந்து, சாமான் கட்டுகிற கயிற்றை மரத்தில் கட்டி உள்ளே விட்டான். ஃபஸ்லான் அதைக் கையில் சுற்றிக்கொண்டான்.

இழுப்பதற்கு முன்னால் இன்சாப் ஒன்று கேட்டான். "ஸப்ராஸும் கேனைப் பிடிச்சிருந்தவனா?"

கயிறு ஒரு தடவை இறுகித் தளர்ந்தது. பிறகு மெல்லிய குரல் மேலே வந்தது.

"ஓம் மச்சான். ரெண்டு பேரை அது தாங்கல்ல."

இன்சாப் மரத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தான். கயிறு புல்லில் பாம்பு மாதிரி ஓடிக் கிணற்றுக்குள் விழுந்தது. ஃபஸ்லான் கத்தத் தொடங்கினான். முதலில் இன்சாபின் பெயரைச் சொல்லி, பிறகு மனைவி பெயரைச் சொல்லி, பிறகு அல்லாஹ்வைக் கூப்பிட்டு, கடைசியில் வெறும் சத்தமாக. இன்சாப் அவன் சைக்கிளைப் பற்றைக்குள் தள்ளி மூடினான். கூடாரத்தைக் கழற்றினான். றோட்டுக்கு ஏறும்போதும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஃபஸ்லானுக்கு முழங்கால் நோவு, தெரிந்தவர் வீட்டில் நிற்கிறான், அவன் ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று வீட்டுக்குச் சொன்னான். அன்று இரவு, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கனவில்லாமல் தூங்கினான்.

இப்போது முந்தலுக்கு வடக்கே, இறால் பண்ணைகளின் சேற்று மணத்துக்கு நடுவே மிதித்துக்கொண்டு அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: தப்பிவிட்டான். அவ்வளவுதான். விறகு வெட்டப் போன யாரோ சத்தம் கேட்டுத் தூக்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறிச் சிலாபம்வரை வந்து, அங்கே ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் போகிறான். வீட்டில் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறான். போலீசுக்குப் போகப் போகிறான்.

அப்படி நினைப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதனை எட்டிப் பிடிக்கலாம். காலில் விழலாம். வேண்டுமானால் கழுத்தைப் பிடிக்கலாம்.

முறிந்த காலோடு ஒருவன் எப்படி மிதிப்பான் என்று மனசின் ஒரு மூலை கேட்டது. அவன் இன்னும் வேகமாக மிதித்தான்.

றோட்டின் ஓரத்தில் ஈரக் கோடு ஒன்று ஓடியது. சைக்கிள் டயரின் அகலம். பின்னேர வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடு மட்டும் காயவில்லை. லொறிகள் அதன்மேல் ஏறிப் போயின, அது அழியவில்லை. மதுரங்குளி தாண்டியும் அது நேராக, சளைக்காமல், அவனுக்கு முன்னால் போய்க்கொண்டேயிருந்தது. தென்மேல் காற்று முதுகில் தள்ளியது. அவன் கியரைக் கூட்டினான். தொடை எரிந்தது. எவ்வளவு வேகமாகப் போனாலும் முன்னால் ஒருவரும் தெரியவில்லை.

ஒரு மரத்தடியில் நின்று மனைவிக்கு ஃபோனில் கோல் எடுத்தான்.

"எங்க நிக்கிறீங்க?" என்றாள் நஸ்ஹா. பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம், பாத்திரங்களின் சத்தம். "உம்மா காலையில இருந்து அடுப்படியை விட்டு எழும்பல்ல. ஷஸ்னா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு முன்னால நிக்கிறா, கூப்பிட்டா உள்ள வாறா இல்ல."

"அவளை உள்ள எடு. கேட்டைப் பூட்டு."

"ஏன்?"

"நான் வாறவரைக்கும் ஆரையும் உள்ள விடாதே. தெரிஞ்ச ஆளெண்டாலும். ஃபஸ்லான் எண்டாலும்."

அவள் சிரித்தாள். "ஃபஸ்லான் நானாவையா? நிஃப்லா இங்கதானே நிக்கிறா, புருஷன்ட கதை ஒண்டும் தெரியாம முகம் வாடிப் போய். அவர் வந்தா நான் கேட்டைப் பூட்டுறதா? வெயில் தலைக்கு ஏறிட்டு உங்களுக்கு. தண்ணியைக் குடிச்சிட்டு வாங்க."

ஃபோனை வைத்தபோது கை ஈரமாக இருந்தது. காற்சட்டையில் துடைத்தான். வேர்வைதான்.

பாலாவிச் சந்தியை அடையும்போது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உப்பளங்களுக்கு மேலே வானம் புண்ணின் நிறத்தில் இருந்தது. சந்தி ஓரத்தில், தன் மரக்கறிக் கடைக்கு முன்னால் நிஸார் நின்றிருந்தார். இன்சாபின் வாப்பாவின் பழைய சிநேகிதர், இன்று மல்லிகை மாலையோடு காத்திருப்பேன் என்று நேற்றே சொல்லியிருந்தவர். இன்சாபைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"என்ன மகன், திரும்பி வாறீங்க?"

"திரும்பி இல்ல. இப்பதான் வாறேன்."

"இப்பதானே மாலை போட்டு அனுப்பினேன்! பத்து நிமிஷம் இருக்காது. ஏதும் விழுத்திட்டுப் போனீங்களா?"

"ஃபஸ்லானுக்குப் போட்டிருப்பீங்க," என்றான் இன்சாப். "ரெண்டு பேருக்கும் ஒரே சேட்டு."

"எனக்கு ஃபஸ்லானையும் உங்களையும் தெரியாதா?" நிஸார் சட்டைப் பையில் இருந்து ஃபோனை எடுத்தார். "இந்தா, நம்மட பொடியன் எடுத்த படம். பாருங்க."

படத்தில் நிஸார் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அவருடைய தோளில் கை போட்டு, கழுத்தில் மல்லிகை மாலையோடு, ஒருவன் நின்றான். நெற்றியில் தலைமயிர் ஒட்டிக் கிடந்தது. தாடியில் இருந்து தண்ணீர் சொட்டியது. நிஸாரின் சேட்டுத் தோளில், அந்தக் கை பட்ட இடத்தில், ஈரம் கையின் உருவத்திலேயே பரவியிருந்தது.

முகம் இன்சாபுடையது.

இடது புருவத்தில் சின்ன வயதில் பட்ட வெட்டு. சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறுகிற உதடு. கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். கண்கள் மட்டும் கமராவைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, இப்போது ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்த இன்சாபைப் பார்த்தன.

"ஏன் மகன், என்ன செய்யுது? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. இரிங்க, தண்ணி குடிங்க," என்று நிஸார் அவன் கையைப் பிடித்தார். உடனே தன் கையை விலக்கிக்கொண்டு, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். அவன் இருக்கவில்லை. கற்பிட்டி றோட்டில் சைக்கிளைத் திருப்பினான்.

உயிரோடு வந்தவன் இல்லை. இனி அந்த ஆறுதலும் இல்லை.

அந்த றோட்டில் காற்று எதிரே வந்தது. கடலில் இருந்து மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் உப்பளப் பாத்திகள் இருட்டில் வெளிறிக் கிடந்தன. குவித்து ஓலை மூடிய உப்புக் குவியல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. எங்கேயோ கருவாடு காய்கிற மணம், எங்கேயோ எரிகிற தேங்காய்ப் பொச்சு மட்டையின் மணம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பாசி மணம். முதலில் அது முன்னால் இருந்து வந்தது. நுரைச்சோலைக்குக் கிட்டப் போகும்போது அது தன் சட்டையில் இருந்தே வருவதை உணர்ந்தான்.

தூரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. சைக்கிளின் பின் லைட். விட்டு விட்டு எரிந்தது.

"ஃபஸ்லான்!" என்று கத்தினான்.

வெளிச்சம் நிற்கவில்லை. வேகம் கூடவும் இல்லை. இன்சாப் எழுந்து நின்று மிதித்தான். செயின் கறகறத்தது. வெளிச்சம் அதே தூரத்தில் இருந்தது. களைத்து வேகத்தைக் குறைத்தால், அதுவும் குறைத்துக்கொண்டது. அவன் தன்னோடு சேர்ந்து வருவதை அது விரும்பியது. பின்னால் ஒருவன் இருப்பது அதற்கு வேண்டியிருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. பாலாவிக்கு, சிலாபத்துக்கு, எங்கேயாவது. பிறகு புதுச் சட்டையோடு கேட்டுக்கு முன்னால் நிற்கிற ஷஸ்னா நினைவுக்கு வந்தாள். மிதித்தான்.

"நீதான் முதல்ல செஞ்சாய்!" இருட்டைப் பார்த்துக் கத்தினான். "என்ட தம்பியை நீ உதறினாய்! நான் செஞ்சதுல என்ன பிழை?"

வெளிச்சம் எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

சப்பாத்துக்குள் கால் சளப் சளப் என்றது. குனிந்து பார்த்தான். ஒவ்வொரு மிதியிலும் சப்பாத்தின் துவாரங்களால் தண்ணீர் வழிந்தது. காற்சட்டை தொடையோடு ஒட்டியிருந்தது. டீசேர்ட் கனத்தது. இடது முழங்காலுக்குக் கீழே, இதுவரை இல்லாத ஒரு நோவு, எலும்பின் உள்ளேயிருந்து கிளம்பியது. கத்தி வைத்து அறுப்பது மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலால் மட்டும் மிதித்தான்.

ஒரு கையால் ஃபோனை எடுத்தான். நஸ்ஹா உடனே எடுத்தாள். சத்தம், சிரிப்பு, ஷஸ்னாவின் கீச்சுக் குரல்.

"நஸ்ஹா, கேட்டைப் பூட்டு. பிள்ளையைத் தூக்கு. இப்பவே."

"ஹலோ? ஆர் பேசுற?"

"நான்தான்!"

"ஃபஸ்லான் நானாவா?" அவள் குரலில் சந்தோஷம். "அல்ஹம்துலில்லாஹ்! எங்க நிக்கிறீங்க? நிஃப்லா அழுதுகொண்டே இருக்கிறா. இன்சாப் இப்பதான் வந்து இறங்கினார். நீங்க பின்னால வாறீங்க எண்டு சொன்னார். இந்தா, அவர்க்கிட்டக் குடுக்கிறேன்."

"வேணாம். நஸ்ஹா, வேணாம்..."

ஃபோன் கை மாறுகிற சத்தம். யாரோ மூச்சு விட்டார்கள். நீண்ட, ஈரமான மூச்சு, கல்லுக்கு நடுவில் இருந்து வருவது மாதிரி. பிறகு இன்சாபின் சொந்தக் குரல் அவன் காதுக்குள் பேசியது.

"வா மச்சான். எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறாங்க."

ஃபோன் அணைந்தது. எத்தனை தடவை அமுக்கியும் எரியவில்லை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் ஏறி இறங்கியது. முன்னால் சிவப்பு வெளிச்சம் இல்லை. றோட்டு வெறுமையாகக் கிடந்தது.

ஆலங்குடாவுக்குத் திரும்புகிற ஒழுங்கை. மணல். சில்லுப் புதைந்தது. சைக்கிளைப் போட்டான். நொண்டிக்கொண்டு ஓடினான். மின்சாரக் காற்றாடிகளின் ஊளை. நாய் ஒன்று குரைத்தது. அவனைக் கண்டது. குரைப்பை நிறுத்தி வாலை ஒடுக்கிக்கொண்டு வேலிக்குள் புகுந்தது.

வீடு.

கேட்டு அகலத் திறந்து கிடந்தது. முற்றமெல்லாம் சின்னச் சின்ன பல்ப் கட்டியிருந்தார்கள். பிரியாணி மணந்தது. ஊர்க்காரர்கள் கதிரைகளில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டில் கையை ஊன்றி மூச்சு வாங்கினான். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் சிரிப்பு மலர்ந்தது.

"ஆ, ஃபஸ்லானும் வந்துட்டான்!"

கூட்டத்துக்குள் இருந்து நிஃப்லா ஓடி வந்தாள். ஃபஸ்லானின் மனைவி. சால்வை தலையில் இருந்து நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. இன்சாபின் இரண்டு கைகளையும் பிடித்து, ஊருக்கு முன்னால் என்ற வெட்கமும் இல்லாமல், தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இத்தனை நாளா ஒரு கோல்கூட எடுக்காம... நீங்க உசிரோட இல்லையோ, மவுத்தாகிட்டீங்களோ எண்டு நினைச்சேன்," என்றாள். பிறகு, "ஏன் கை இப்படிக் குளிரா இரிக்கி?"

நான் இன்சாப் என்று சொல்ல வாயைத் திறந்தான். தொண்டையில் இருந்து தண்ணீர் வந்தது. கறுப்புத் தண்ணீர், நாடியால் வழிந்து நெஞ்சில் இருந்த படத்தை நனைத்தது. நிஃப்லா தன் சால்வையால் அதைத் துடைத்துவிட்டாள், சோறு சிந்திய பிள்ளையைத் துடைப்பது மாதிரி. ஒருவரும் திடுக்கிடவில்லை.

அவனுடைய உம்மா அடுப்படியில் இருந்து வந்தார். அவன் அவரைப் பார்த்தான். பெற்றவள். பார்த்தால் தெரியும். தெரியாமல் இருக்காது. அவர் கிட்ட வந்து அவன் கன்னத்தைத் தடவினார்.

"களைச்சுப் போயிட்டீங்க ஃபஸ்லான் மகன். என்ட பிள்ளையைப் பத்திரமாக் கொண்டு வந்து சேத்துட்டீங்க. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தைத் தருவான்."

அப்போது வீட்டு வாசலில் அவன் வந்து நின்றான்.

இன்சாபின் சாரம். இன்சாபின் சேட்டு. குளித்துத் தலை துவட்டிய இன்சாபின் முகம். இடுப்பில் ஷஸ்னா. இப்போது அந்த உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவன் நொண்டாமல் படியிறங்கி வந்தான். ஆட்கள் வழி விட்டார்கள். கேட்டடியில் நின்று, ஒரு கையால் இன்சாபின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அந்தக் கை சூடாக இருந்தது. இரத்தம் ஓடுகிற சூடு. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

இன்சாப் மகளைப் பிடிக்கக் கையை நீட்டினான். ஷஸ்னா அவனைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. உதடு நடுங்கியது. வீறிட்டு அழுதுகொண்டு, தன்னைத் தூக்கியிருந்தவனின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

"வாப்பா, இந்த மாமாவைப் போகச் சொல்லுங்க."

"பயப்படாதேம்மா," என்றான் அவன், இன்சாபின் குரலில், அவள் முதுகைத் தட்டிக்கொண்டு. கண்கள் இன்சாபை விட்டு விலகவில்லை. "மாமா இனி வர மாட்டார். நிஃப்லா, இவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்க. நல்லாக் களைச்சுப் போனார்."

நிஃப்லா இழுத்தாள். அவள் பிடி மெல்லியதுதான். இன்சாபின் கால்கள் அந்தப் பிடிக்குப் பின்னாலேயே போயின. நிற்கச் சொன்னான், அவை நிற்கவில்லை. ஒழுங்கையில் திரும்பும்போது தலையை மட்டும் திருப்ப முடிந்தது.

வாசலில் நஸ்ஹா நின்றாள். வந்தவனின் தோளில் சாய்ந்துகொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவன் அவளையும் பிள்ளையையும் உள்ளே விட்டு, கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஜன்னலில் வெளிச்சம். திரைச்சீலைக்குப் பின்னால் அவன் நிழல் ஷஸ்னாவைக் கட்டிலில் கிடத்தியது. போர்த்திவிட்டது. பிறகு அவளுக்கு மேலே குனிந்து, நெடுநேரம், நிமிராமல், அப்படியே நின்றது.